எந்தக் கட்டையிலும் இல்லாத சுருதி

இங்கே காலையில் என் காபிக் கோப்பை சும்மா இருப்பதில்லை. யாரும் மேஜையைத் தொட வேண்டாம், அதுவாகவே தட்டின் மேல் முணுமுணுக்கிறது. தோட்டத்துக்குப் பின்னால் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைக்கும் பம்பு ஓய்வில்லாமல் ஓடுகிறது. அந்த அதிர்வு மண் வழியாக வந்து மேஜைக் காலில் ஏறிவிடும். வீட்டுக்கார அம்மா ஃபிராவ் லென்ஸ், இங்கே இருந்தவரை, ஒரு துணியை நான்காக மடித்துக் கோப்பைக்கு அடியில் செருகி வைப்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் அதை உருவிவிடுவேன். அவருக்கு அது அடக்க வேண்டிய சத்தம். எனக்கு அதுதான் தம்புரா.

நான் இருப்பது மேற்கு ஜெர்மனியில், கொலோன் நகரத்தை ஒட்டிய ஒரு கிராமம். நெய்வேலிக்காரர்களுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டாம். அதே கரி, வாளி கட்டிய அதே ராட்சத சக்கரம், அதே குழி. ஒரு வித்தியாசம், இங்கே பனி பெய்கிறது. கிராமத்தின் கிழக்குப் பாதி குழிக்குள் போய்விட்டது. எங்கள் தெருவில் விளக்கு எரிவது இந்த ஒரு வீட்டில்தான். மாதா கோயில் மணியை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லறைகளைக்கூடத் தோண்டி வேறு ஊருக்கு மாற்றியாயிற்று. ஃபிராவ் லென்ஸின் செத்துப்போன கணவர் அப்படி அவருக்கு முன்பே புது ஊருக்குக் குடிபோய்விட்டார். எல்லோரும் ஓடுகிற ஊரில் நீ ஏன் அறை எடுத்தாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாடகை குறைவு என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மை என்னவென்றால், வேறெங்கும் என் குரல் நிற்பதில்லை.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் சுரங்க ஓரத்துப் பிளாக்கில் இருந்தது. பகலில் ஃபிட்டர் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பாட்டு. தம்புராவுக்கு எங்கே போவது? பம்பு ஓசையைப் பஞ்சமமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து சட்ஜத்தைப் பிடித்துச் சாதகம் செய்வேன். அந்த சட்ஜம் ஒரு கட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றரைக்குக் கீழே நிற்கும். எந்தச் சுருதிப் பெட்டியிலும் இல்லாத இடம். ஷிப்ட் முடிந்து வரும் பக்கத்து வீட்டு ராமலிங்கம் அண்ணன் சைக்கிளில் இருந்தபடியே கத்துவார்: "யோவ் பாகவதரே, பம்புக்கு லீவு வுட்டுட்டா உன் கச்சேரி கேன்சலா?"

பிளாக்கே சிரிக்கும். அம்மா மட்டும் சிரித்ததில்லை. அவள் பிறந்த ஊர் இப்போது சுரங்கம். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. ஒரு நாள் நான் பாடிக்கொண்டிருக்கும்போது அம்மா அரிசி முறத்தோடு வந்து நின்றாள்.

"எது கூட சேந்து பாடிக்கினு இருக்கன்னு தெரியுதாடா? எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணிய உறிஞ்சிக்கினு இருக்குது அது. நிக்காம குடிக்குது."

"அது குடிக்கறதாலதாம்மா அப்பாவுக்கு பர்மனென்ட்."

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மிஷின் வேலை கற்க வந்த பையன்களோடு இங்கே வந்தேன். வேலையை விட்டுவிட்டுப் பாடகன் ஆனேன். பெயர் சொல்லும்படி யாருடைய சிஷ்யனும் இல்லை, எந்தச் சபாவும் என்னை அனுப்பவில்லை. ஆகவே இங்கே நானே வித்வான், நானே காரியதரிசி. இரண்டு தேசத்திலும் மின்சாரம் ஒரே வேகத்தில் அதிர்வதால் பம்பும் ஒரே சுருதியில் பாடுகிறது என்று கண்டுபிடித்த அன்று துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் பயம் வந்தது. தம்புராவோடு நகரத்தில் பாடிய முதல் கச்சேரியில், ஆலாபனை முடிவதற்குள் குரல் தானாக ஏறி அந்தப் பழைய இடத்தில் போய் நின்றுகொண்டது. தம்புரா கீழே தனியாக அழுதது. கேட்டவர்கள் கைதட்டினார்கள், அதுதான் கீழை நாட்டு முறை என்று நினைத்து.

போன மாதம் ஒரு வானொலிக்காரர் மாதா கோயிலில் என் பாட்டைப் பதிவு செய்ய வந்தார். நன்றாக வந்தால் தொடர்ந்து பாட அழைப்பார். இல்லையென்றால் நான் திரும்பவும் ஸ்பானரைப் பிடிக்க வேண்டியதுதான். அதுதான் கோயிலின் கடைசி ஞாயிறு. மிச்சமிருந்த ஊர் ஜனம் கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தது. கோயிலுக்குப் பின்னாலும் ஒரு பம்பு. தம்புராவைத் தொடாமலே ஆரம்பித்தேன். அப்படி நான் பாடியதே இல்லை. சுவரும் நானும் ஒரே குரலாக இருந்தோம்.

பாடி முடித்ததும் ஃபிராவ் லென்ஸ் எழுந்து என் பக்கத்தில் வந்தார். "நீ அதைத்தான் பாடுகிறாய்," என்றார், பம்பு இருந்த பக்கத்துச் சுவரைக் காட்டி.

பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். "டாங்கே," என்று கைகூப்பினேன்.

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்கு அம்மாவின் அரிசி முறம் ஞாபகம் வந்தது. மறுநாள் அவர் சாமான்களோடு கிளம்பும்போது என்னிடம் விடைபெறவில்லை. கோப்பையும் தட்டும் எனக்காக மேஜையில் இருந்தன; மடித்த துணி பக்கத்தில் இருந்தது.

வானொலிக்காரர் ரொம்ப வருத்தப்பட்டார். "பாட்டு அற்புதம். ஆனால் டேப் முழுக்க அந்த பம்பு இரைச்சல். எங்கள் ஸ்டூடியோவுக்கு வாருங்கள். சுவரெல்லாம் பஞ்சு வைத்த அறை. வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது."

போனேன். பம்பு இல்லாமல் பாடிக் காட்டிவிட வேண்டும் என்ற வெறி. தம்புராவைச் சுத்தமாக ஒரு கட்டைக்குச் சேர்த்தேன். அவர் கதவைச் சாத்தினார். அப்படி ஒரு நிசப்தத்தை நான் நெய்வேலியிலும் கேட்டதில்லை, இங்கேயும் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து கூடவே இருந்த யாரோ அறையை விட்டு வெளியேறியது போலிருந்தது. கண்ணை மூடி, தம்புராவை மட்டும் கேட்டுப் பாடினேன். சரியாகப் பாடுகிறேன் என்றே நினைத்தேன்.

பாடியபடியே கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் டேப்பை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் குரல் அந்தப் பழைய இடத்துக்கே ஏறி, தம்புராவோடு உரசி உரசி அதிர்வதை அப்போதுதான் நான் கேட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மன்னிக்க வேண்டும். எங்கேயோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது."

"ஓடுது," என்றேன், தமிழில்.

அவர் குனிந்து என் நாற்காலிக்கு அடியில் தேடினார்.