கொக்கோ மூட்டையின் சூடு

மூணாறுக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய சாக்லேட்டைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்கள் சொக்கிப்போகிறார்கள். எனக்கு அதன் பூர்வீகம் தெரியும். எங்கள் வீட்டில் அது சாக்குக்குள் கிடந்து புளித்த வாடை அடிக்கும் வெறும் கொட்டை.

சாந்தன்பாறைக்கு மேலே ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். பின்னால் அப்பா நட்ட கொக்கோ மரங்கள் சில. பழத்தை உடைத்து, சதையோடு கொட்டையை வாழையிலை விரித்த சின்னச் சாக்கில் கட்டி வைப்பார். மறுநாளே உள்ளே சூடு கிளம்பிவிடும். அந்தச் சூட்டில் பக்குவப்பட்டால்தான் கசப்பு குறையும். இடையிடையே பிரித்துக் கிளற வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் அம்மாவின் தங்கை எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். அவள் பெற்ற பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டது. ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்டதால் அதற்குப் பேர்கூட இல்லை. பாப்பா சாமியிடம் போயிருக்கிறது என்று எனக்குச் சொன்னார்கள். கிறிஸ்துமசுக்குள் திரும்பிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சும்மா இருந்தால் அழுதுகொண்டே இருப்பாள் என்று, மூட்டையைக் கிளறும் வேலையை அம்மா சித்தியிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். மூட்டைமேல் வைத்த கையைச் சித்தி எடுக்கவேயில்லை. மெல்ல அதை மடிக்கு இழுத்து, சேலையால் மூடி, சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கிளறலையா சித்தி?"

"சும்மா இரு புள்ள. தொறந்தா சூடு போயிரும்லா."

அம்மா வந்து கேட்டால், "கிளறியாச்சுக்கா" என்பாள். தினமும் இதே கதைதான். இப்படியொரு காவல் எந்தக் கொக்கோவுக்கும் கிடைத்திருக்காது என்று எனக்குப் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. கோயிலிலிருந்து வந்ததும் காயப்போடுவதற்காக அப்பா மூட்டையை எடுத்தார். சித்தி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"பிரிக்காதீங்க அத்தான், இன்னும் சூடு இருக்கு."

அப்பா கயிற்றை அறுத்தார். லயமே மூக்கைப் பொத்தியது. கொட்டையெல்லாம் கறுத்து அழுகிக் கிடந்தது. கத்த வாயெடுத்தவரின் கையை அம்மா பிடித்து அழுத்தினாள். அவர் மரத்தடியில் குழி வெட்டி, கொட்டையைக் கொட்டி மண்ணைத் தள்ளினார். மண் விழுந்ததும் சித்தி கதறிவிட்டாள்.

சாக்லேட் வீணாய்ப் போன துக்கம் என்றே நினைத்தேன். எனக்கும் அழுகை வந்தது. பக்கத்தில் போய் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாத சித்தி. மரத்துல நெறயக் கெடக்கு. அடுத்த மாசம் வேற ஒண்ணு கட்டிக்கிடலாம்."

சித்தி என்னை இழுத்து இறுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டியது. நன்றாக ஆறுதல் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியில் நான் அசையாமல் நின்றேன்.