நாலு மணிக்கு ஒரு துறைமுகம்

"...அதுக்குத்தாம்லே சொல்லுதேன், பாஸ்வேர்டுங்கது நேத்து வச்ச மீன்குழம்பு இல்லை, வைக்க வைக்க ருசி கூடுததுக்கு. அன்னன்னைக்கு மாத்திரணும்" என்று பெரியப்பா முடிப்பதற்குள், செல்போனோடு அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஏழெட்டுப் பேரும் ஒரே குரலில் கேட்டோம்: "இன்னைக்கு எந்த ஊரு?"

அப்போதெல்லாம் புன்னக்காயலில் செல்போன் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். எங்கள் தெருவில் வைஃபை இருந்தது பெரியப்பா வீட்டில் மட்டும். கப்பல் இன்ஜின் ரூமில் முப்பது வருஷம் எண்ணெய் போட்டுவிட்டு ஊர் திரும்பியவர். பெரியம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். அவர்கள் ஒரே மகள், எங்கள் அக்கா, கல்யாணமாகிக் கனடாவில். அவளை வீடியோவில் பார்க்கத்தான் அந்த இணைப்பே. அவள் கூப்பிடுவது ஞாயிறு பூசை முடிந்த பிறகு மட்டும். மிச்ச ஆறு நாளும் தெருப் பிள்ளைகளுக்கு என்று விட்டிருந்தார்.

தினமும் நாலு மணிக்குப் பாஸ்வேர்டை மாற்றுவார். அவர் கப்பல் தொட்ட ஏதாவது ஒரு துறைமுகத்தின் பேர்தான் அது. எட்டு எழுத்துக்குக் குறைந்தால் வைஃபை பெட்டி ஏற்காது. ஏடன் மாதிரிச் சின்னப் பேர் என்றால் அங்கே போன வருஷத்தையும் சேர்த்துக்கொள்வார். பேரைச் சட்டென்று சொல்லிவிடவும் மாட்டார். காப்பி மூட்டை ஏற்றப் போன இடத்தில் பன்னிரண்டு நாள் மழை பிடித்துக்கொண்ட கதை, சமையல்காரரைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிய கதை, எல்லாம் முடிந்த பிறகுதான் ஊர் பேர் வெளியே வரும். "உங்க பெரியப்பா நங்கூரம் எடுக்கதுக்குள்ள என் சார்ஜ் போயிரும்டீ" என்று சிநேகிதி என் காதைக் கடிப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே வைஃபை செட்டிங்கைத் திறக்கப் பழகியிருந்தேன். அதில் விருந்தாளிகளுக்கென்று பாஸ்வேர்டே இல்லாமல் ஒரு தனி இணைப்புக் கொடுக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தேன். அவர் கடைக்குப் போயிருந்த நேரம் அதைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் நாலு மணிக்கு ஒருத்தரும் வீட்டுக்குள் வரவில்லை. எல்லாரும் எதிரே கவிழ்த்துப் போட்டிருந்த மீன்பிடி வள்ளத்தின் நிழலில் போனும் கையுமாக இருந்தார்கள். தெருவில் எனக்கு ஏக மரியாதை.

மூன்றாம் நாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, பிள்ளையளுக்குப் பரீட்சையா? ஒருத்தரையும் காணோமே?"

நான் பெருமையாகப் போனில் திறந்து காட்டினேன். "இனிமே ஒருத்தரும் வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க, பெரியப்பா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். ஒரே ஒரு தட்டுத் தட்டினால் மூடிவிடலாம். அவர் மூடவில்லை.

"நீ கெட்டிக்காரிதான். கம்பெனிக்காரனும் விருந்தாளிக்கு வேற வாசல்தான் வச்சிருக்கான், என்ன?" என்றார். பிறகு, "வள்ளத்துக்கிட்ட நல்லா எடுக்கா?"

"கொஞ்சம் சுத்தும்."

வயரை இழுத்து, பெட்டியைத் தெருப்பக்க ஜன்னலில் கொண்டுபோய் வைத்தார். என் திறமைக்குக் கிடைத்த பாராட்டாகத்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கும் மணி நாலு அடித்தது. போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் பையத் தட்டி, பாஸ்வேர்டை மாற்றினார். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் எதற்கு இந்த வேலை என்று எனக்குப் புரியவில்லை. வெளியே கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். பெரியப்பா வாசல்வரை கூடவே வந்து, நான் ஏதோ கேட்கப்போகிறேன் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.