வீட்டுக்குப் போன பட்டை

பட்டை வாங்க வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுடையது மொத்த வியாபாரக் கடை. மிளகு, ஏலம், கிராம்பு, சாதிக்காய், பட்டை. முன்பெல்லாம் ஓட்டல்காரர்களும் சில்லறைக் கடைக்காரர்களும்தான் வருவார்கள், அவர்களிடம் பேச என்ன இருக்கிறது? இப்போது கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்து நூறு கிராம் பட்டை கேட்கிறார்கள். எதற்கு என்று கேட்பேன். காலையில் வெந்நீரில் போட்டுக் குடிக்க, உடம்பு மெலிய, சுகர் குறைய என்பார்கள். போதும், எனக்கு வாய் திறந்துவிடும்.

இரண்டு தினுசையும் எடுத்து மேஜைமேல் வைப்பேன். ஒன்று சிலோன் சுருள். மெல்லிய தோல் அடுக்கடுக்காகச் சுருண்டு உள்ளே நிறைந்திருக்கும், விரலால் நெருக்கினால் பொடிந்துவிடும், வாசனையில் ஓர் இனிப்பு இருக்கும். மற்றது தடிப்பட்டை, காசியா என்போம். ஒரே அடுக்கு, கட்டி, ஒடிப்பதற்குள் கை வலிக்கும், நாக்கில் வைத்தால் சுரீரென்று எரியும். பிரியாணிக்கும் குருமாவுக்கும் மசாலாப் பொடிக்கும் தடிப்பட்டை போதும், அதில் விழுவது ஒரு துண்டு. தினமும் குடிப்பதாக இருந்தால் சுருள்தான் வாங்க வேண்டும், அதையும் அளவோடு. தடிப்பட்டையில் கூமரின் என்று ஒன்று உண்டு, நாள்கணக்கில் அதிகமாக உள்ளே போனால் சிலருக்கு ஈரலைக் கெடுக்கும். இதையெல்லாம் ஓர் ஏற்றுமதிக்காரர் எனக்குச் சொல்லி வருடக்கணக்காகிறது. சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டைத் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டவர்களைத் திட்டியே அனுப்பியிருக்கிறேன். சுகருக்குக் கொஞ்சம் உதவும் என்று சிலர் சொல்கிறார்கள், பெரிதாக ஒன்றுமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எப்படியானாலும் அது மாத்திரைக்குப் பதில் ஆகாது.

ஆகவே எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வழியே இல்லை.

என் மனைவி அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயரானவள். ரிட்டயரான வருடமே சுகரும் கொலஸ்ட்ராலும் வந்தன. எங்களுடையது நாஞ்சில் நாட்டுச் சைவச் சமையல், தீயலிலும் எரிசேரியிலும் யார் பட்டை போடுகிறார்கள்? எங்கள் வீட்டில் பட்டை வாசனை வந்ததென்றால் அது அம்மன் கோயில் பொங்காலைக்குத் தெரளி இலையில் மடித்து அவிக்கிற அப்பத்தில்தான், அதுகூட இலையின் வாசனை. அப்படிப்பட்டவள் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, மாத்திரையோடு இதையும் குடித்துப் பார்க்கிறேன், கொஞ்சம் பட்டை கொண்டுவாருங்கள் என்றாள்.

வியாபார வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தரம் விற்பனைக்கு, வீட்டுக்குப் போவது மூட்டை அடியில் கிடக்கிற உடைசல். முந்திரி வியாபாரி வீட்டுப் பாயசத்தில் முழு முந்திரி பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டு ரசத்தில் விழுவது சலித்து ஒதுக்கிய சொத்தை மிளகு, ஏலக்காயென்றால் வாய் பிளந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான், யாரும் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்ததில்லை. அவள் கேட்ட அன்றும் என் கை நேராகத் தடிப்பட்டை மூட்டையின் அடிக்குப் போனது. உடைந்ததாகப் பார்த்துப் பொறுக்கி, தூசி தட்டி, பொட்டலம் கட்டினேன். குடிப்பதற்கு ஆயிற்றே என்ற நினைப்பு ஒரு நிமிடம்கூட வரவில்லை.

ஒன்றரை வருடம் அவள் குடித்தாள். ஒரு நாள் விட்டதில்லை, ஆபீசுக்குப் போன காலத்திலும் லேட் ஆகாதவள். கை நிறையத் துண்டுகள் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைப்பாள். மிச்சத்தை இடித்து ஓட்ஸில் தூவிக்கொள்வாள். வாய் எரிகிறது என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். எரிந்தால்தான் சரக்கு நல்லது என்று சொன்னேன். சொன்னது நான்தான்.

போன வருடம் மழை தொடங்கின சமயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஈரலுக்குரிய எண்கள் இருக்கவேண்டியதைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஸ்கேன் எடுத்தார்கள், மஞ்சள் காமாலைக்கும் பார்த்தார்கள், ஒன்றிலும் காரணம் தெரியவில்லை. அவளுடைய அண்ணன் ஈரல் கெட்டு இறந்தவர், ஒரு சொட்டு மது தொடாத மனிதர். அவள் அழவில்லை. எந்தப் பட்டுப்புடவை யாருக்கு என்று பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். மாத்திரைகளையெல்லாம் எழுதிக்கொண்டு, வேறே லேகியம், கஷாயம் ஏதாவது உண்டா என்று மலையாளத்தில் கேட்டார். கறுவாப்பட்டை குடிக்கிறேன் என்றாள் இவள். அடுத்த தடவை வரும்போது அதையும் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த தடவை நான் கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேதான் என் புத்தி என்னைக் காட்டிக் கொடுத்தது. சாம்பிள் கொண்டு வா என்று யார் சொன்னாலும் எங்கள் கை இருப்பதில் சிறந்ததைத்தான் எடுக்கும். நாற்பது வருடப் பழக்கம், விரலுக்கே தெரியும். புதிதாக வந்த சிலோன் சுருளில் ஒரே நீளமாக நான்கு குச்சி எடுத்து, சுத்தமான கவரில் போட்டுக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்தேன். ஏமாற்ற நினைத்து வைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, இது நல்ல சரக்கல்லவா, இதனால் இவ்வளவு ஆகாதே என்று நெற்றியைச் சுருக்கினார்.

என் மனைவி கைப்பையைத் திறந்து ஒரு பழைய காப்பிப்பொடி டப்பாவை எடுத்தாள்.

"டாக்டரே, நான் குடிக்கது இது."

டப்பாவைக் கவிழ்த்தாள். கறுத்துத் தடித்த உடைசல் என் நான்கு குச்சிகளுக்குப் பக்கத்தில் விழுந்தது. கடையில் நான் தினமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற அதே இரண்டு தினுசு. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, தடித்ததில் கூமரின் அதிகம், அங்கிளுக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். முதல் தடவையாகக் கேட்கிறவன் மாதிரி நான் தலையை ஆட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் வரும்போது கேட்டாள்.

"உங்களுக்கு முன்னமே தெரியும் அல்லே?"

தெரியும் என்றேன். பிறகு கிழக்கேகோட்டை தாண்டி வீடு வரும்வரை அவள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பட்டையை நிறுத்தினார்கள், அதுவும் சிலருக்கு ஈரலைத் தொடும் என்று கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்தினார்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும். அந்த ஆறு வாரமும் நான் யாரிடமும் பட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை, கேட்டதை நிறுத்துக் கொடுத்தேன். பழவங்காடியில் பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய் உடைத்தேன் என்று எனக்கே தெரியாது. ரிப்போர்ட் வந்த அன்று எண்கள் ஏறத்தாழ பழைய இடத்துக்கு இறங்கியிருந்தன. லேப் வராந்தாவில் நின்று அழுதுவிட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது. மாத்திரையா, பட்டையா, இரண்டும் சேர்ந்தா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. மாத்திரையை மாற்றித் தந்தார். சமையலில் எப்போதாவது ஒரு துண்டு போட்டால் தோஷமில்லை, குடிக்கிற வேலை மட்டும் இனி வேண்டாம் என்றார்.

அன்று மாலை நான் கடையில் முதல் தரமாகப் பார்த்து எல்லாவற்றிலும் எடுத்தேன். பருத்த மிளகு, பச்சை மாறாத ஏலம், கொண்டை உதிராத கிராம்பு, நான்கு குச்சி சுருள். சமையலறையில் அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்பக் கட்டி என் பக்கம் தள்ளினாள். இது விற்கிற சரக்கு, கடையிலேயே இருக்கட்டும் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் கடைத்தெருவின் கோடியில் இன்னொரு மளிகைக்கடை வாசலில் அவளைப் பார்த்தேன். மிளகு வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வீட்டுக்கு வந்ததும், நம்ம கடை இருக்கும்போது அங்கே போய் நின்றால் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று சத்தம் போட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அங்க நான் வாங்க வந்த ஆளு," என்றாள். "நல்லது எது, ஆகாதது எதுன்னு சொல்லித் தருவாங்க. உங்க கடைக்கு வாறவங்களுக்கு நீங்களும் சொல்லித்தானே குடுக்கீங்க."

இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை அவள் அங்கேதான் போகிறாள். போகிற வழியில் எங்கள் கடையில் ஏறி, எனக்கு மதியச் சோற்றை மேஜைமேல் வைத்துவிட்டு, காலிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடப்பாள்.