எங்கள் வாசலில் இறங்கிய பாடைகள்

உங்களுக்கு எந்த உறவும் இல்லாத ஒருவரின் பாடையை உங்கள் வீட்டு வாசலில் இறக்கி வைக்கச் சம்மதிப்பீர்களா? ஒரு முறை அல்ல, சாவு விழும்போதெல்லாம்? அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் அப்போது என்ன சொன்னீர்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சண்டை போட இதை எழுதவில்லை. அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் நன்றியை மட்டும் அச்சடித்தால் அது கல்யாணப் பத்திரிகை போல ஆகிவிடும்.

அப்பா பிறந்தது வெண்ணந்தூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். கிணறு வற்றி, பங்கும் பிரிந்த பிறகு, ஒரு ஜோடி மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு சூரமங்கலம் வந்து சேர்ந்தார். ரயிலில் இறங்குகிறவர்களையும் மூட்டைகளையும் சேலம் டவுனுக்குக் கொண்டுபோய் விடும் பிழைப்பு. ஒரு வண்டி பல வண்டியாகி, சொந்தமாக வண்டிப்பேட்டை வைத்தார். வண்டியோட்டிகள் பல சாதி, பல பாஷை. தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் மாட்டைத் திட்டுவார்கள். மாட்டுக்கு எல்லாம் புரியும், மனிதர்களுக்குத்தான் புரியாமல் தகராறு வரும். அவற்றை அப்பா தீர்த்து வைக்கப்போய், அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களும் வழக்குகளோடு வர ஆரம்பித்தார்கள். பேட்டையில் ஒரு வசதி: உட்கார அவிழ்த்துவிட்ட வண்டிகள்தான். பெரிய மனிதருக்குத் தனி நாற்காலி என்ற பேச்சே இல்லை.

எங்கள் தெருவுக்குக் கிழக்கே ஏரிக்கரைச் சேரி. அவர்களுடைய இடுகாடு மேற்கே, ரயில் பாதைக்கு அப்பால். பாடையைப் பாதி வழியில் இறக்கி, தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றித் திருப்பித் தூக்குவது வழக்கம்; போனவருக்கு வீட்டுக்கு வரும் வழி மறந்துவிட வேண்டுமாம். கூட வரும் பெண்கள் அந்த இடத்திலிருந்து திரும்பிவிடுவார்கள். எங்கள் தெருவில் விழும் அந்தப் பாதி வழி ஒரு காலத்தில் சோளக்காடு. ஊர் வளர்ந்தது, காடு மனையாயிற்று, நூல் மண்டிக்காரர் அங்கே மாடி வீடு கட்டினார். பாடை இறக்கும் இடம் சரியாக அவர் வாசலுக்கு நேரே வந்துவிட்டது. அவர் தடுத்தார். சேரிக்காரர்கள் ஏரிக்கரையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அந்த ஐப்பசி மழையில் சேரித் தலைவர் மாரப்பன் தம் தாயைக் கொண்டுபோகையில் கரை சரிந்து, பாடை சேற்றில் விழுந்தது.

தீபாவளி விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்திருந்தேன். அப்பா மூன்று பேரைப் பேட்டைக்கு வரவழைத்தார்: நூல் மண்டிக்காரர், மாரப்பன், பள்ளிவாசல் ஜமாத்துக்குத் தலைவரான தோல் மண்டி பாய். மாரப்பன் நின்றுகொண்டே இருந்தார்.

“உக்காரு மாரப்பா. நின்னுட்டே நாயம் கேட்டாக் காலுதான் வலிக்கும்,” என்றார் அப்பா.

மாரப்பன் கடைசி வண்டியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். “எங்காத்தாளைச் சேத்துல போட்டு எடுத்துட்டு வந்து பொதச்சிருக்கறனுங்க சாமி. இதுக்கு என்ன நாயமுங்க?”

“நான் கொடுமைக்காரனில்லீங்க,” என்றார் மண்டிக்காரர். “எம் மருமக முழுகாம இருக்கறா. சன்னலத் தொறந்தாப் பொணம், ஒப்பாரி. பயந்து சோறுகூடத் திங்கறதில்லீங்க. என் எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?”

பாய் வெற்றிலையை மடித்தபடி, “எங்காளுங்களுக்கு இந்த ரோதனையே இல்லீங்க. வழியில எறக்கறதே கெடையாது. தோள் மாத்தித் தோள் மாத்திப் போயிட்டே இருப்போம்,” என்றார்.

மண்டிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். “கேட்டியா மாரப்பா? நல்ல வழக்கமாத்தான இருக்குது. நீங்களும் எறக்காமப் போயிருங்களேன்.”

“போலாமுங்க சாமி. ஆனாத் திருப்பாம எடுத்துட்டுப் போனாச் செத்தவங்க திரும்பி வந்துருவாங்களுங்க. வர்ற வழியில மொத மாடி ஊடு உங்களுதுதானுங்க.”

பாய்க்குச் சிரிப்பில் புரையேறியது. மண்டிக்காரர் சிரிக்கவில்லை. “ரோடு முனிசிபாலிட்டியோடது. வாசல் என்னுது,” என்றார்.

பாயின் சிரிப்பும் நின்றது. “அதெப்படிங்க? நாளைக்கு எங்க தெருவுலயும் ஒருத்தர் மாடி கட்டுவாரு. எங்க மய்யத்தையும் ஏரியச் சுத்திப் போகச் சொல்லுவீங்களா?”

உச்சி வெயில் வரை இப்படியே போயிற்று. கடைசியில் அப்பா பேசினார். “அந்தப் புள்ள பயப்படறதும் நாயம். இவன் கேக்கறதும் நாயம். ரெண்டையும் ஒரே வாசல்ல வெக்க முடியாது. நாலு ஊடு தள்ளி எம்பட வாசல் அகலமாக் கெடக்குது. அங்க எறக்கட்டும்.”

யாரையும் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவில்லை. அப்பாவின் குணங்களைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

“ஏனுங்க, மண்டை கிண்டை கொழம்பிருச்சா?” என்றார் அம்மா, அக்காவையும் என்னையும் காட்டி. “ரெண்டு பொட்டப்புள்ளைங்க ஊட்டுல நிக்குது. பொணம் எறக்கற ஊட்டுல எவன் பொண்ணெடுப்பான்?”

“எடுக்கறவன் எடுப்பான், போ.”

அம்மா பயந்ததே நடந்தது. நாமகிரிப்பேட்டையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுக்கும் நேரத்தில் பறைச் சத்தம் வந்தது. பாடையும் வந்து இறங்கியது. வந்தவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அக்கா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா கதவுக்கு வெளியே நின்று, “என்ன சாமி, எம்மேல கோவமா?” என்றார்.

“ஊர் நாயமெல்லாம் நீங்க பேசறீங்க. என் நாயத்த யாரு பேசுவாங்க?”

எத்தனையோ வழக்கைத் தீர்த்தவர் கதவை விட்டு நகர்ந்தார். சமையலறைக்கு வந்து அம்மாவிடம், “மாரப்பங்கிட்டச் சொல்லி நிறுத்தீரட்டுமா?” என்று கேட்டார். அப்பா அப்படித் தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

“சொன்ன சொல்ல மாத்தற ஊட்டுலயும் பொண்ணெடுக்க மாட்டாங்க. சும்மா கெடங்க,” என்றார் அம்மா.

அடுத்த பாடை வந்தபோது, திரும்பிப் போகும் பெண்களுக்கு அம்மா தண்ணீர் கொண்டுபோனார். முதலில் எட்ட நின்று, ஏந்திய கைகளில் ஊற்றினார். பிறகு குடத்தையும் டம்ளரையும் வெளியே வைத்துவிட்டு அவர்களோடு நின்று பேச ஆரம்பித்தார். எப்போது மாறினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கல்லூரியில் நீதி, சமத்துவம் என்று நான் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒரு டம்ளரை வெளியே வைத்ததில்லை.

அக்காவை வெண்ணந்தூரில்தான் கொடுத்தோம். பெண் பார்க்க வந்த அக்காவின் மாமனாரிடம், வாசல் விஷயத்தை அப்பாவே முதலில் சொல்லிவிட்டார். “செத்தவங்களுக்கே எடங்குடுக்கற ஊட்டுப் புள்ள, உசுரோட இருக்கற என்னைப் பட்டினி போடாதுங்க. தட்டை மாத்துங்க,” என்றார் அவர். மாமா, அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் குடும்பம் உங்களுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பிறகு பஸ் வந்தது, வண்டிகள் குறைந்தன. போர்க் காலத்தில் மாட்டுக்குத் தீவனம் போடவே திண்டாடினோம். அப்பாவுக்கு இளைப்பு முற்றியது. மூச்சு வாங்கும்போதுகூட வாசலில் பறை கேட்டால் எழுந்து வெளியே போய் நிற்பார். கடைசி வாரம் அவரால் எழ முடியவில்லை. அம்மாவைப் போய் நிற்கச் சொன்னார்.

அப்பாவின் பாடை எங்கே இறங்கும் என்று அதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை. நம்மவர்கள் சுடுகாடு கிழக்கே, ஏரி மதகுக்குப் பக்கம். எங்கள் வாசலிலிருந்து பாதி வழி என்பது சேரியின் வாசல். பெண்பிள்ளை தெருமுனை தாண்டலாமா என்றவர்களைத் தாண்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். அதனால் நேரில் பார்த்தேன்.

“இங்கயா? கொஞ்சம் தள்ளிப் போயி எறக்கலாம்,” என்று பங்காளிகள் சிலர் சொன்னீர்கள்.

மாரப்பன் வழியில் வந்து நின்றார். “எத்தனை பேரை உங்க வாசல்ல எறக்கி வெச்சோமுங்க. ஒருத்தரை எங்க வாசல்ல எறக்க மாட்டீங்களா?”

தூக்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் நடந்து வந்த நூல் மண்டிக்காரர், “எறக்குங்கப்பா. நான் சொல்றேன், எறக்குங்க,” என்றார்.

இறக்கினார்கள். சேரிப் பெண்கள் குடமும் டம்ளருமாகத் தயாராக நின்றார்கள். முதலில் வாங்கிக் குடித்தவர் பாய். அடுத்து மாமா. அடுத்து நான். அப்புறம் உங்களில் சிலர்.

குடித்தவர்களுக்கு நன்றி. குடிக்காதவர்களுக்கும் நன்றி, வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்தீர்களே. மகன் இல்லாத குறை தெரியாமல் கொள்ளி வைத்த பெரியப்பா வீட்டு அண்ணனுக்கும், மருந்துக்கு டவுனுக்கும் வீட்டுக்கும் அலைந்த வண்டியோட்டிகளுக்கும், காரியம் முடியும்வரை இரு வேளையும் சாப்பாடு அனுப்பிய மண்டிக்காரர் மருமகளுக்கும் நன்றி. மாரப்பனுக்கு…

பறைச் சத்தம் கேட்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. குடத்தை நான்தான் தூக்க வேண்டும்.