கலியமூர்த்தி அளக்கச் சொன்ன மதகு

சென்ற வாரம் காலையில் கலியமூர்த்தியின் மகள் கும்பகோணத்திலிருந்து பேசினாள். "அப்பா போயிட்டாங்க சார்." மாலைக்குள் இன்னொரு அழைப்பு. நானும் கலியமூர்த்தியும் வேலை பார்த்த பாலிடெக்னிக்கின் பழைய பிரின்சிபால். "இரங்கல் கூட்டத்துக்கு நானே தலைமை தாங்குறேன்" என்றார். "வாங்க சார். அவரை வேலையைவிட்டு நீக்கி நீங்க எழுதின கடிதத்தை நான் மேடையில வாசிக்கிறேன்" என்றேன். போனை வைத்துவிட்டார். கூட்டத்துக்கு வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நிலத்துக்கான சண்டை ஊர் ஊராக நடந்த காலம் அது. குத்தகைக்காரர்களுக்குச் சட்டம் வந்துவிட்டது என்று மேடைகளில் முழங்கினார்கள். வயலில் மிராசுதார் சொன்னதே சட்டம். சிவில் மாணவர்களுக்குப் பாசனப் பாடம் எடுத்த கலியமூர்த்தி, கூலிக்கு நாற்று நட்ட தாயின் மகன். கரும்பலகையில் விடை எழுத மாட்டார். பாபநாசத்துக்கு அருகே புதிதாகக் கட்டிய மதகுக்கு மாணவர்களை அழைத்துப் போனார். "கடைமடைக்கு ஏன் தண்ணி போகலை? நீங்களே கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டார். நானும் உடன் இருந்தேன்.

வாய்க்காலைத் தூர்வாரவில்லை என்றது ஒரு குழு. வரைபடமே பிழை என்றது இன்னொன்று. வசந்தா என்ற மாணவி மட்டும் பக்கத்து வயலில் நடவு நட்ட பெண்களிடம் போய் விசாரித்தாள். திரும்பி வந்து மதகின் தளத்தை அளந்தாள்.

"வரைபடம் சரிதான் சார். கட்டின தளம் ஓரடி கூடுதல் உசரம்."

"தெரியாம கட்டிட்டாங்களா?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

அவள் நடவுப் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இல்ல சார். வேணும்னே கட்டியிருக்காங்க."

கடைமடையில் இருந்தவர்கள் நிலத்தைவிட்டு வெளியேற மறுத்த குத்தகைக்காரர்கள். மதகுக்கு மேற்புறம் தேங்கிய தண்ணீர் பாய்ந்தது மிராசுதாரின் நிலத்துக்கு. அவர்தான் எங்கள் நிர்வாகக் குழுத் தலைவர்.

மாணவர்கள் எல்லோரும் அந்த அளவுகளின் கீழ் கையெழுத்திட்டார்கள். கருவியில் கோளாறு என்று எழுதித் தரச் சொன்னார் பிரின்சிபால். "நீங்களே வந்து அளங்க சார். அளவுக்கோல் ஸ்டாஃபை நான் பிடிக்கிறேன்" என்றார் கலியமூர்த்தி. மறுநாள் வேலை போனது. ஆசிரியர் அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

குத்தகைக்காரர்கள் அந்த அளவுகளை அதிகாரிகளிடம் கொண்டுபோனார்கள். அதிகாரிகள் தளத்தை இடித்துத் தாழ்த்தினார்கள். கடைமடையில் குறுவை விளைந்தது. கலியமூர்த்தியை மட்டும் எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளவில்லை. டியூஷன் எடுத்தே காலம் போயிற்று. பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பிரின்சிபால் கைநீட்டினார், இவர் நீட்டவில்லை. "தண்ணியை மறிச்சவன் பேராசைக்காரன். அளவை மாத்தச் சொன்னவன் வாத்தியார். அவனை மன்னிக்க மாட்டேன்" என்றார் என்னிடம்.

என்னை மன்னித்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவருடைய வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஓய்வுபெறும்வரை, ஒவ்வொரு வருடமும் மாணவர்களை அந்த மதகில் நிறுத்தி, சுவரில் தெரியும் பழைய தளத்தின் தழும்பு என்ன என்று கேட்டேன். அளந்து, வாதாடி, அவர்களே கண்டுபிடித்த பிறகு மூன்று பெயர்களைச் சொன்னேன்: மிராசுதார் பெயர், பிரின்சிபால் பெயர், என் பெயர்.