வட்ட விளக்கு வேன்

மலேசியாவில், செமோரில் எங்களிடம் இருந்த பழைய குட்டி வேன், அப்பா செய்த காவடியை ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் சாய்க்காமல் ஏற்றிச் செல்லும். அது துருப்பிடித்து உதிர்ந்துபோனது. அதே வட்ட விளக்கும் அதே பச்சை நிறமுமாக ஈப்போவில் ஒரு புது வேனைப் பார்த்ததும், தம்பியும் நானும் மயங்கி வாங்கிவிட்டோம். கோயில் வாசலில் சக்கரத்தால் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய பிறகுதான் பின்கதவைத் திறந்து காவடியை நுழைத்துப் பார்த்தோம். பாதிகூடப் போகவில்லை.

விற்றவனுக்குப் போன் செய்தேன். "அது ஸ்டைலுக்குலா அண்ணே. சாமான் ஏத்தவா வாங்குனீங்க?" என்றான்.

பழைய முகத்தைச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பழைய முதுகைச் செய்ய என்ன கேடு வந்தது? ஒன்றுக்கும் உதவாத வண்டிக்கு அந்த முகம் எதற்கு?

தைப்பூசத்தன்று காலையில் தம்பி ரம்பத்தை எடுத்துக் காவடியின் வளைவை அறுத்தான். ஆடாமல் இருக்க நான்தான் பிடித்துக்கொண்டேன்.