கள் சேராத ரொட்டி

பொங்கிய மாவில் சுட்டுவிரலை அழுத்தி எடுத்துவிட்டு, விழுந்த குழி எப்படி நிரம்புகிறது என்று பார்க்க ஷைலஜா கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். உடனே நிரம்பினால் இன்னும் அரைமணி நேரம் காத்திருப்பாள். மெல்ல நிரம்பினால், அடி கனத்த செம்புப் பாத்திரத்தில் மாவை இறக்கி அடுப்பேற்றி, மூடியின்மேல் சிரட்டைக் கனலைப் பரப்புவாள். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, குளத்தூரில் அவள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை இது.

மற்ற நாட்களில் உதியன்குளங்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வயது நாற்பத்தெட்டு. மோர், பதநீர், பழைய கஞ்சி என்று மைக்ரோஸ்கோப்பில் அவள் வைத்துப் பார்க்காதது குறைவு. கடை ஈஸ்ட் மட்டும் ஆகாது. "அது வாங்குனதுலா? எனக்கு நானா பிடிச்சு வளத்தணும்."

மாவு பொங்க முதலில் அவள் சேர்த்தது தென்னங்கள். கள்ளுக்கடையில் பாட்டிலை நீட்டும்போது ஆண்கள் பேச்சை நிறுத்துவார்கள். அதை அவள் சட்டை செய்ததில்லை. ஆனால் டிப்பர் ஓட்டும் அவள் கணவன் ரெத்தினதாஸ் குடியை விட்டு அப்போது இரண்டு வருஷம்தான். ரொட்டி நாட்களில் அவன் ரப்பர் மரங்களுக்கிடையே போய் உட்கார்ந்திருப்பான். மூன்றாவது ஞாயிறுதான் அவளுக்கு அது உறைத்தது. மிச்சக் கள்ளை வாழையடியில் கவிழ்த்தாள்.

"நிங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நீ சந்தோசமாட்டு செய்யுத. நான் என்னத்தச் சொல்ல?"

பிறகு அன்னாசித் தோலைத் தண்ணீரில் ஊறவைத்தாள். இரண்டு முறை பூசணம் பிடித்தது. மூன்றாம் முறை நுரைத்தது. ஒரு சொட்டை வேலையிடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஈஸ்ட் எல்லாம் உயிரோட கெடக்கு, கேட்டியளா. ஒவ்வொண்ணுக்க முதுகிலயும் ஒரு குட்டி உண்டு" என்று அன்று வீடு வரும்வரை பொறுக்காமல் போனிலேயே அவனிடம் சொன்னாள். அந்தத் தண்ணீரில் மாவு கரைத்து, தினமும் புது மாவு தீனி போட்டு ஒரு பாட்டிலில் வளர்த்தாள். ரெத்தினதாஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கத் தொடங்கினான்.

போன மாதம் ஒரு பயிற்சிக்காகத் திருவனந்தபுரத்தில் நான்கு நாள் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து பாட்டிலைத் திறந்தாள். மேலே கலங்கிய தண்ணீர் நின்றது. நெடி மூக்கில் ஏறியது. அடுக்களை வாசலில் ரெத்தினதாஸ் நின்றிருந்தான்.

"அது என்ன மணம்?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "சாராயம் மாதிரியாக்கும். நாலு நாள் தீனி குடுக்கல்ல. பசிச்சா இது இப்படி ஆவும். களையப் போறேன்."

"தீனி குடுத்தா?"

"ரெண்டு மூணு நேரம் குடுத்தா மணம் மாறும்."

அவன் உள்ளே வந்து பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி, மேல் தண்ணீரைத் தொட்டியில் சரித்தான். மாவு டப்பாவைத் திறந்தான்.

"எத்தர கரண்டி?"

"மூணு."

மூன்று கரண்டி மாவைப் போட்டு, தண்ணீர் விட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கலக்க ஆரம்பித்தான்.